அனுப்பிய மடல் போய்ச் சேர்ந்ததா?

இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி. மாணவர்

ஸ்ரீரங்கம் அஞ்சலகத்தில் டில்லிக்கு ஒரு கடிதத்தைப் போடுகிறோம். ஸ்ரீரங்கத்துத் தபால்காரர் அதை எடுத்துக்கொண்டு டில்லிக்குப் புறப்படுவதில்லை. வெளியூர்க் கடிதங்களோடு சேர்த்துக் கட்டி, பிரித்தனுப்பும் நிலையத்தில் ஒப்படைக்கிறார்கள். திருச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட ஆர்.எம்.எஸ். 'டி' கோட்டம் இப்பணிக்கென்றே அமைந்ததாகும். வழி அறிந்தவரிடம் ஒப்படைப்பதே அஞ்சல் முறையின் அடிப்படை எனலாம். மின்னஞ்சலிலும் இம்முறை உண்டு. அதற்கு 'ரிலே' என்று பெயர். லினக்ஸ் சேவையகம் ஒன்றிலிருந்து வெளி ரிலே வழியாக மடல் செல்லும் விதத்தை இக்கட்டுரையில் காண்போம்.

பழைய வழக்கமே

நம் நாட்டில் மின்னஞ்சல் தொடங்கியதே ரிலே முறையில்தான். 1986ஆம் ஆண்டு மைய அரசின் மின்னணுவியல் துறை, ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் உதவியுடன் 'எர்னெட்' என்னும் கல்வி வலையமைப்பைத் தொடங்கிற்று. சென்னை உள்ளிட்ட ஐந்து ஐ.ஐ.டி.க்களும், பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும், பம்பாயிலிருந்த தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையமும் அதில் இடம் பெற்றன. ஒரு கணிப்பொறி தொலைபேசி வழியே மற்றொன்றை அழைத்து, சேர்ந்திருக்கும் மடல்களை ஒப்படைத்துவிட்டு இணைப்பைத் துண்டிக்கும். சென்னையிலிருந்து அயல்நாட்டுக்குச் செல்லும் மடல் பம்பாய் மையத்தின் வழியாகவே போயிற்று.

நேரே அனுப்பினால் என்ன?

இன்று இணைப்பு எந்நேரமும் இருக்கிறதே, நம் சேவையகமே நேராக அனுப்பக்கூடாதா என்ற வினா எழலாம். அனுப்பலாம், ஆனால் ஏற்பார் அரிது. மடலை ஒப்படைக்கும் எஸ்.எம்.டி.பி. என்னும் விதிமுறையை 1982 ஆகஸ்டில் ஜான் போஸ்டல் வெளியிட்டார். ஒருவரையொருவர் நம்பிய காலம் அது. அனுப்புநர் என்று எந்தப் பெயரை எழுதினாலும் அவ்விதிமுறை தடுப்பதில்லை. இதனைப் பயன்படுத்திப் பொய் மடல்களும் விளம்பரக் குப்பைகளும் பெருகின. எனவே பெறும் சேவையகங்கள் இப்போது மூன்று கேள்விகள் கேட்கின்றன. இந்த ஐ.பி. முகவரிக்குரிய பெயர் பொருந்துகிறதா? இந்த முகவரியிலிருந்து மடல் வரலாம் என்று பெயருக்குரியவர் எஸ்.பி.எஃப். பதிவில் அறிவித்துள்ளாரா? மடலில் டி.கே.ஐ.எம். என்னும் மின் முத்திரை உள்ளதா? 2024 பிப்ரவரி முதல் கூகுளும் யாகூவும் பெருந்தொகையாக மடல் அனுப்புவோர்க்கு இச்சான்றுகளைக் கட்டாயமாக்கிவிட்டன.

சாதாரண இணைய இணைப்பின் ஐ.பி. முகவரி அடிக்கடி மாறும். மடல் செல்லும் 25ஆம் எண் வாயிலைப் பல நிறுவனங்கள் அடைத்தே வைத்துள்ளன. ஆகவே, நற்பெயர் பெற்ற ஒரு ரிலே சேவையகத்திடம் ஒப்படைப்பதே வழி. அது நம் மடலுக்குச் சுமைகூலியாக மட்டும் நிற்கவில்லை; ஜாமீன்தாரராகவும் நிற்கிறது.

அமைக்கும் முறை

லினக்ஸில் இப்பணிக்குப் பலரும் பயன்படுத்துவது வீட்சே வெனெமா உருவாக்கி 1998இல் வெளிவந்த 'போஸ்ட்ஃபிக்ஸ்' ஆகும். அதன் அமைப்புக் கோப்பான 'மெயின்.சி.எஃப்.'-இல் 'ரிலேஹோஸ்ட்' என்று ஒரு வரி உண்டு. அங்கே ரிலேயின் பெயரைச் சதுர அடைப்புக்குள் எழுதி, முக்காற்புள்ளி இட்டு, 587 என்ற வாயில் எண்ணைச் சேர்க்க வேண்டும்.

அடுத்தது அடையாளம். பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் தனிக் கோப்பில் எழுதி, நிர்வாகியான 'ரூட்' தவிர வேறெவரும் படிக்க இயலாதபடி உரிமையைச் சுருக்குதல் வேண்டும். 'போஸ்ட்மேப்' கட்டளை அதனைத் தேடுதற்கேற்ற அட்டவணையாக மாற்றித் தரும். பின்னர் அடையாளச் சரிபார்ப்பை இயக்கும் வரியையும், டி.எல்.எஸ். மறையாக்கத்தைக் கட்டாயமாக்கும் வரியையும் சேர்த்தல் வேண்டும். மறையாக்கம் இல்லையேல் கடவுச்சொல் அஞ்சலட்டையில் எழுதியதுபோல் வழியெங்கும் வெளிப்படும்.

இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. ஒன்று, நம் பெயருக்குரிய எஸ்.பி.எஃப். பதிவில் ரிலேயையும் சேர்க்க வேண்டும். சேர்க்காவிடில் நாமே அனுப்பிய மடல் பொய் மடலாகத் தோன்றக்கூடும். மற்றொன்று, நம் சேவையகம் ஊரார் மடலையெல்லாம் வாங்கிக் கடத்தும் திறந்த ரிலே ஆகிவிடக்கூடாது. நமக்குரிய கணிப்பொறிகளை மட்டுமே அது ஏற்க வேண்டும்.

'அனுப்பப்பட்டது' என்பதன் பொருள்

சோதனை மடல் ஒன்றை அனுப்பிவிட்டுப் பதிவேட்டைப் பார்த்தால் 'சென்ட்' என்ற சொல்லும் 250 என்ற எண்ணும் காணப்படும். பலர் இத்துடன் மகிழ்ந்து எழுந்துவிடுகின்றனர். ரிலே பெற்றுக்கொண்டது என்பதே அதன் பொருள். பெறுபவரின் பெட்டியில் சேர்ந்தது என்பதற்கோ, குப்பைப் பெட்டியில் விழவில்லை என்பதற்கோ அது சான்றாகாது. ரிலேயுடன் தொடர்பு கிடைக்காவிடில் போஸ்ட்ஃபிக்ஸ் மடலை வரிசையில் வைத்திருந்து, மாற்றம் செய்யாதவரை, 5 நாள் முயலும். பிறகு அனுப்புநருக்கே திருப்பும். அனுப்புநர் முகவரி எவரும் திறந்து பாராத பெட்டியாக இருந்தால், அந்தத் தோல்வி யாருக்கும் தெரியாமலே புதைந்துவிடும்.

இதனைச் சிறு குறையென்று எண்ணுதல் கூடாது. கட்டணத்தின் கடைசி நாளும், உதவித்தொகை விண்ணப்பத்தில் கேட்கப்படும் விளக்கமும், வேலைக்கான நேர்முக அழைப்பும் இன்று மின்னஞ்சலில் வருகின்றன. என் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என்னைப் போன்றோரின் வீடுகளில், மடல் வராவிட்டால் "ஏனப்பா இன்னும் வரவில்லை? போய்க் கேள்" என்று தூண்டிவிட அனுபவப்பட்ட அண்ணனோ அக்காளோ இல்லை. வராத மடலை நாங்கள் அறியவே மாட்டோம். அதை அறியக்கூடியவர் அனுப்பிய இடத்துச் சேவையகத்தைக் கவனிப்பவர் ஒருவரே.

நாளை நம்மில் பலர் அந்த நாற்காலியில் அமரக்கூடும். அன்று ரிலேஹோஸ்ட் வரியைப் பிழையின்றி எழுதுவதோடு வேலை முடிந்துவிடாது. திரும்பி வரும் மடல்களுக்கு ஒரு பெட்டி வைத்து, அதைத் தினமும் திறந்து பார்க்க ஓர் ஆளையும் அமர்த்த வேண்டும்.