வைக்கோற் சுருளும் அதைச் சுற்றிய வலையும்

சென்ற தலைமுறையில் வைக்கோலைக் கட்டுவதற்கு வைக்கோலே கயிறாக இருந்தது. களத்தில் போரடித்து முடிந்ததும் ஒரு பிடி வைக்கோலை முறுக்கிப் பிரியாகத் திரித்து, அதைக் கொண்டே கட்டைக் கட்டித் தலையில் ஏற்றிவிடுவார்கள். தொழுவத்தில் அக்கட்டை அவிழ்த்துப் போடுகையில் பிரியைத் தனியே எடுத்து வைக்கவேண்டும் என்று எவரும் எண்ணியதில்லை. பிரியும் தீனிதானே! அந்தப் பழக்கம் நமது கைகளில் இன்னும் ஊறிக் கிடக்கிறது. ஆனால் இப்பொழுது கட்டும் பொருள் வேறு. அங்கத்தினர்கள் பலர் இவ்வேறுபாட்டை மனத்திற் கொள்ளாமையால் விளையும் நஷ்டத்தைப் பற்றியே இக்கட்டுரை.

அறுவடை யந்திரம் நமது வயல்களில் இறங்கிய பின் பழைய முறையில் கட்டுக் கட்டுவது இயலாததாயிற்று. யந்திரத்தின் வழியே வெளிவரும் வைக்கோல் முறிந்தும் கலைந்தும் வயலில் வரிசையாகக் கிடக்கிறது. தாள் நீளமாக, ஒரே முகமாக இருந்தாலல்லவா கையால் அள்ளிக் கட்ட முடியும்? ஆகவே டிராக்டரின் பின்னே இழுத்துச் செல்லும் சுருட்டு யந்திரம் அவசியமாயிற்று. இதன் பிறப்பிடம் அமெரிக்கா. அங்கு ஆலிஸ்-சால்மர்ஸ் என்ற கம்பெனியார் 1947-ஆம் ஆண்டில் சிறிய சுருள் செய்யும் யந்திரத்தை விற்பனைக்குக் கொண்டு வந்தனர். பின்னர் 1970-களின் தொடக்கத்தில் அயோவா மாநிலத்து வெர்மீர் கம்பெனியார், ஆள் உயரத்திற்குப் புல்லைச் சுருட்டும் பெரிய யந்திரத்தைச் செய்தனர். அங்கே ஒரு சுருள் 400, 500 கிலோ எடையுள்ளது. அதைத் தூக்கவே ஒரு டிராக்டர் வேண்டும். நமது காவிரிப் பாசனப் பகுதியில் சம்பா அறுவடைக்குப் பின் வயலெங்கும் கிடப்பவை ஏறக்குறைய இரண்டடிக் குறுக்களவும் மூன்றடி நீளமும் உள்ள சிறு சுருள்கள். ஒருவரே தோளில் சுமக்கத் தக்கவை.

சுருளைக் கட்டுவதற்கு இருவகைப் பொருள்கள் உண்டு. ஒன்று கயிறு: சணற் கயிறாகவும் இருக்கலாம், பிளாஸ்டிக் கயிறாகவும் இருக்கலாம். மற்றது வலை. கயிற்றால் கட்டுவதானால் யந்திரத்தினுள் சுருளைப் பல தடவை சுழற்றவேண்டும். வலையாயின் இரண்டு மூன்று சுற்று போதும். சுழற்சி குறைவதால் நேரமும் எரிபொருளும் மீதியாகின்றன. தாள் உதிர்வதும் குறைகிறது. சுருள் வடிவு கெடாமல் அடுக்கி வைக்க வசதியாக இருக்கிறது. இவை மெய்யான நன்மைகளே. வலை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.

நெசவாளர் அங்கத்தினர் எவரேனும் அவ்வலையில் ஒரு துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தால், அது தறியில் நெய்ததன்று, பாவு முறையில் பின்னப்பட்டது என்று உடனே கண்டுகொள்வார். நீளவாக்கில் சங்கிலிச் சங்கிலியாகப் பின்னல் ஓடும். சங்கிலிகளுக்கிடையே குறுக்கிழை வளைந்து வளைந்து சென்று இணைக்கும். இழையோ பாலிஎதிலீன் என்னும் பிளாஸ்டிக்கை மெல்லிய நாடாவாக இழுத்தது. நெய்த துணியின் ஓரத்தைக் கத்தரித்தால் ஊடை நூல் பிரிந்து வந்துவிடும். இந்தப் பின்னலைப் பல இடங்களில் வெட்டினால் அவ்வாறு பிரிந்து போகாது. ஒவ்வொரு துண்டும் துண்டாகவே நின்று, வைக்கோலோடு பின்னிக்கொண்டு, கண்ணுக்கும் தப்பிவிடுகிறது.

இனி, இது மாட்டின் வயிற்றில் என்ன செய்கிறது என்று பார்ப்போம்.

மாட்டுக்கு மேல் தாடையின் முன்புறத்தில் பற்கள் இல்லை. அது தீனியை நாவினாற் சுழற்றி வாரி, அரைகுறையாக மென்று விழுங்கி, பிறகு ஓய்வாகப் படுத்து அசை போடுகிறது. ஆட்டைப்போல் இலை இலையாகத் தேர்ந்து கடிக்கும் வழக்கம் அதற்கு இல்லை. நாவின் மேலுள்ள முட்களோ உட்புறம் நோக்கிச் சாய்ந்தவை. வாய்க்குள் சென்ற நூலை மாடு வெளியே தள்ளுவது கடினம். விழுங்கியது ரூமன் எனப்படும் முதல் இரைப்பையில் சேருகிறது. பெரிய மாட்டில் இப்பை நூறு லிட்டருக்கும் மேற்பட்ட கொள்ளளவு உடையது. அங்குள்ள கோடானுகோடி நுண்ணுயிர்கள் வைக்கோலின் நாரைச் சிதைத்து மாட்டுக்கு ஆகாரமாக்குகின்றன. நன்றாக அசை போட்டுப் பொடியான பின்பே அது சிறிய வாயில் ஒன்றின் வழியே அடுத்த இரைப்பைக்குச் செல்ல முடியும்.

பிளாஸ்டிக் இழையை அந்த நுண்ணுயிர்கள் தீண்டுவதில்லை. எத்தனை முறை அசை போட்டாலும் அது பொடியாவதுமில்லை. ஆகவே அது முதற்பையிலேயே தங்கிவிடுகிறது. இன்று ஒரு சாண், நாளை ஒரு முழம் என்று சேர்ந்து, வயிற்றின் அசைவினால் உருண்டு, கயிற்றுப் பந்தாகி, காலப்போக்கில் பையின் இடத்தை அடைத்துக் கொள்கிறது. அமெரிக்காவில் வட டக்கோட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தார் வலைத் துண்டுகளையும் கற்றாழை நார்க் கயிற்றையும் தனித்தனிப் பைகளிலிட்டு மாட்டின் முதல் இரைப்பைக்குள் 14 நாட்கள் வைத்துப் பரிசோதித்தனர். கற்றாழைக் கயிற்றில் பெரும்பகுதி செரித்துப் போயிருந்தது. வலையோ இட்டபடியே இருந்தது.

இந்த நஷ்டம் நான் ஏட்டில் மட்டும் படித்தறிந்ததன்று. சில ஆண்டுகளுக்கு முன் என் மேற்பார்வையிலிருந்த ஒரு சங்கத்தில், கோடைத் தீனிக்காக வலை சுற்றிய சுருள்களை மொத்தமாக வாங்கி அங்கத்தினர்களுக்கு வழங்கினார்கள். தனித்தனியே வாங்குவதைவிட விலை குறைவாக இருந்தமையால் அதைப் பாராட்டி நானே ஆய்வுக் குறிப்பில் எழுதினேன். வலையைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. எனக்குத் தோன்றவுமில்லை. அடுத்த ஆண்டு சென்றபோது, ஓர் அம்மையாரின் கடன் கணக்கில் தவணைகள் நின்றிருந்தன. விசாரிக்க அவர் வீட்டுக்கே சென்றேன். இரண்டாம் ஈற்றுக் கலப்பினப் பசு, நல்ல கறவை. மாசி மாதத்தில் பால் குறையத் தொடங்கியிருக்கிறது. பூச்சி மருந்து கொடுத்தார்; உப்புசத்துக்குக் கைமருந்து கொடுத்தார்; சில நாள் தேறியது போலிருந்து மறுபடியும் தீனியை விட்டது. கால்நடை மருத்துவர் வருமுன் விழுந்துவிட்டது. மருத்துவர் அறுத்துப் பார்த்தபோது முதற்பையினுள் தலையணை அளவுக்கு வலையும் கயிறும் முறுக்கிக் கொண்டு கிடந்ததாம்.

“நான் வைக்கோலைத்தானே போட்டேன் ஐயா, வேறொன்றும் போடவில்லையே” என்றார் அந்த அம்மையார். காப்பீடும் புதுப்பிக்கப்படாமல் முடிந்து போயிருந்தது. மாடு போனபின் மாட்டுக் கடனுக்குத் தவணை கேட்டு அவர் வாசலில் நின்றவன் நான். அன்று அவரிடம் சொல்ல எனக்கு ஒரு பதிலும் இருக்கவில்லை.

இந்த நோயை வெளியிலிருந்து கண்டுபிடிப்பது எளிதன்று. தீனி குறைதல், அசை போடுவது குறைதல், இடப்பக்க வயிறு விட்டுவிட்டு உப்புதல், சாணம் சிறுத்தல், மெலிவு, பால் வற்றல் ஆகிய இவை வேறு பல நோய்களுக்கும் உரிய குறிகளே. வயிற்றிலுள்ள பிளாஸ்டிக்கைக் கரைக்கும் மருந்து எதுவும் இல்லை. யாரேனும் விற்றால் வாங்கவேண்டாம். இடப்பக்க விலாவைத் திறந்து கையால் எடுக்கும் அறுவை சிகிச்சை ஒன்றே வழி. அது முடியும் மாட்டுக்கு முடியும்; செலவும் உண்டு. பூச்சி மருந்துக்குப் பின்னும் இக்குறிகள் நீங்காவிடில், சுருள் வைக்கோல் போட்டு வந்த விவரத்தை மருத்துவரிடம் நாமே முந்திச் சொல்ல வேண்டும். அவர் கேட்கும்வரை காத்திருக்கலாகாது.

வலையை நீக்கும் முறையைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். அவசரத்தில் அரிவாளால் நாலு இடத்தில் கொத்திச் சுருளைப் பிளந்து போடுவதே பெரும்பாலோர் வழக்கம். முதல் தவறு இதுவே. சுருளைத் தொழுவத்துக்கு வெளியே, மாட்டின் வாய்க்கு எட்டாத, பெருக்கிய தரையில் கிடத்துக. வலையின் கடைசி ஓரம் வெளிச்சுற்றில் எங்கோ ஒட்டினாற்போல் இருக்கும். அதைத் தேடிப் பிடித்தால் சுருளை உருட்டிக்கொண்டே பாயைப் பிரிப்பதுபோல் வலையைக் கழற்றிவிடலாம். ஓரம் அகப்படவில்லையானால், சுருளின் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை ஒரே கோட்டில், ஒரே ஒரு தடவை வெட்டுக. கத்தியின் முனை வைக்கோலுக்குள் ஆழமாகப் புகாமல் வலையை மட்டும் தூக்கி அறுக்கவேண்டும். பிறகு வலையை இரு கைகளாலும் பற்றி எதிர்ப்பக்கமாக இழுத்தால் முழு வலையும் ஒரே விரிப்பாக வந்துவிடும். இரண்டு மூன்று சுற்று இருப்பதால் மேற்சுற்று மட்டும் வந்து அடிச்சுற்று நிற்பதுண்டு. அதைப் பார்த்து எடுக்கவேண்டும். இவ்வளவுக்கும் ஐந்து நிமிஷத்திற்கு மேல் ஆகாது.

மழையில் நனைந்து காய்ந்த சுருளில் வெளி வைக்கோல் வலையோடு ஒட்டிப் பூஞ்சணம் பிடித்திருக்கும். வலையை உதறி அந்த வைக்கோலைத் தீனியில் சேர்க்க முயலவேண்டாம். பூஞ்சணம் பிடித்தது எருக்குழிக்கே உரியது. ஆனால் அதிலும் வலை ஒட்டியிருக்கலாகாது. எருவோடு வயலுக்குச் சென்றால் அடுத்த உழவில் கலப்பைக் கத்தியைச் சுற்றிக்கொள்ளும்.

பிளாஸ்டிக் கயிற்றுக் கட்டுக்கும் இதே விதிதான். முடிச்சினருகே ஓரிடத்தில் அறுத்து ஒரு முனையைப் பிடித்து உருவிக் கையில் சுற்றிக்கொண்டே வந்தால் முழுக் கயிறும் நீங்கிவிடும். பல இடங்களில் அறுத்தால் எத்தனை துண்டு என்று எண்ணியிருப்போமா? சணற் கயிறு தாவர நார் ஆகையால் பிளாஸ்டிக்கைப்போல் என்றென்றும் தங்குவதன்று. எனினும் மெதுவாகவே சிதைவதாலும், நீளக் கயிறு வயிற்றில் திரளக் கூடுமாதலாலும், அதையும் எடுத்துவிடுவதே நலம்.

தட்டை நறுக்கும் யந்திரம் வைத்திருப்போர் மிக ஜாக்கிரதையாக இருத்தல் வேண்டும். முழுச் சுருளையும் வலையோடு பிரித்து யந்திரத்துக்குள் கொடுத்துவிட்டால், நீள வலை விரற்கடைத் துண்டுகளாகி ஒவ்வொரு கூடைத் தீனியிலும் கலந்துவிடும். அதன்பின் பொறுக்கி எடுக்க எவராலும் முடியாது. “பொடியாகிவிட்டால் சாணத்தோடு போய்விடாதா?” என்று ஒரு அங்கத்தினர் கேட்டார். சிறு துகள்கள் சில போகலாம். இழை இழையாக உள்ளவை போவதில்லை. ஒன்றோடொன்று சேர்ந்து பந்தாவதே அவற்றின் இயல்பு. பஞ்சு நூற்ற கையுள்ளவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

எடுத்த வலையை என்ன செய்வது? எரித்தால் நச்சுப் புகை. கொல்லையில் எறிந்தால் மேய வரும் பசு தின்னும். உதறிச் சுத்தம் செய்து சாக்கில் திணித்துச் சங்கத்தில் சேர்ப்பதே முறை. மண்ணும் வைக்கோலும் ஒட்டியிருந்தால் பழம்பொருள் வியாபாரிகள் எடுக்கத் தயங்குவார்கள்.

சங்கங்கள் செய்யத் தக்கது இன்னொன்றும் உண்டு. சுருட்டு யந்திரத்தை வாடகைக்கு அமர்த்தும்போதே எந்தப் பொருளால் கட்டுவது என்று ஒப்பந்தத்தில் எழுதிவிடலாம். சணற் கயிறு இடையிடையே அறுந்து வேலையைத் தடுக்கிறது என்பது யந்திரம் ஓட்டுவோரின் குறை. அது முற்றிலும் பொய்யன்று. நல்ல முறுக்குள்ள கயிற்றைச் சங்கமே வாங்கிக் கொடுத்தால் அக்குறை பெரிதும் தீரும் என்பது என் அபிப்பிராயம்.

மேற்சொன்ன சங்கத்தில் இப்பொழுது சுருள் வழங்கும்போது ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு தொகையை முன்பணமாக வாங்கி, வலையைத் திருப்பிக் கொடுத்ததும் அதைத் திருப்பித் தருகிறார்கள். இருப்புப் பேரேட்டில் வைக்கோலுக்கு ஒரு பக்கம், வலைக்கு ஒரு பக்கம். நாற்பது சுருள் கொண்டு போனவர் நாற்பது வலை கொண்டு வரவேண்டும். குறைந்தால் அது எங்கே என்று அன்றே தேடுவார்கள். சென்ற தணிக்கையில் ஓர் அங்கத்தினர் கணக்கில் இரண்டு வலை குறைந்தது. செயலாளர் முகம் வாடிப் போயிற்று. இருவருமாக அவர் வீட்டுக்குச் சென்று தொழுவம், எருக்குழி, கூரை எல்லாம் பார்த்தோம். கொல்லையில் பாகற்கொடி படர்ந்திருந்த பந்தலின் மேல் இரண்டும் விரித்துக் கட்டப்பட்டிருந்தன. பந்தல் மாட்டுக்கு எட்டாத உயரந்தானா என்று பார்த்துக்கொண்டு, “கொடிக்கு இரண்டு” என்று பேரேட்டில் எழுதிக்கொள்ளச் சொன்னேன்.