இணையமும் நம் நூலகமும்

சங்கம் வைத்துத் தமிழ் வளர்த்த நகரம் மதுரை. ஒரு நூலைச் சான்றோர் அவையில் ஆராய்ந்த பின்னரே ஏற்றுக்கொண்டனர் என்பது வழிவழியாக வரும் மரபு. 1901-ஆம் ஆண்டில் பாண்டித்துரைத் தேவர் இந்நகரில் தமிழ்ச் சங்கம் நிறுவி, சுவடிகளையும் நூல்களையும் திரட்டி நூலகம் அமைத்தார். இன்று கணினியும் கைபேசியும் வகுப்பறைக்குள் வந்துவிட்டன. அவற்றைப் பயன்படுத்தும் முறையைக் கற்பிக்கவும் மதுரையின் பெயராலேயே ஒரு பாடம் உண்டு.

மதுரைத் திட்டம்

1998-ஆம் ஆண்டு பொங்கல் நாளில், சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த வேதியியல் அறிஞர் முனைவர் கல்யாணசுந்தரம் அவர்களும் நண்பர்களும் ஒரு பணியைத் தொடங்கினர். தமிழ் இலக்கியங்களைக் கணினியில் ஏற்றி, உலகெங்கும் உள்ள தமிழர் இலவசமாகப் படிக்கச் செய்வதே அதன் நோக்கம். 'மதுரைத் திட்டம்' என்று அதற்குப் பெயரிட்டனர். பல நாடுகளில் வாழும் தமிழர் ஊதியமின்றி உழைத்ததால் 500-க்கும் மேற்பட்ட நூல்கள் அதில் சேர்ந்துள்ளன.

அவர்கள் பணிபுரியும் முறையை நாம் கவனிக்க வேண்டும். ஒருவர் தட்டச்சு செய்கிறார். பிழை திருத்தும் பணி தனியே நடைபெறுகிறது. உழைத்தவர்களின் பெயர்கள் நூலின் முகப்பிலேயே குறிக்கப்படுகின்றன.

பயன்படுத்தும் முறை

2019-இல் வெளிவந்த பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் வீரமாமுனிவரின் தேம்பாவணியிலிருந்து சில பாடல்களே இடம்பெற்றன. முழு நூலிலோ 3,615 பாடல்கள் உள்ளன. அதனை மதுரைத் திட்டத்தில் காணலாம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய அச்சுப் பதிப்புகளின் பக்கங்களையே பார்க்கலாம். 2018 முதல் தமிழகப் பாடநூல்களில் அச்சிடப்பட்ட க்யூ.ஆர். கோடு, பாடத்திற்குரிய காணொளிகளைக் காட்டியது.

ஆனால் தேடிக் கிடைத்ததை அப்படியே நோட்டில் எழுதுவது கற்றல் ஆகாது. முதலில் படிக்க வேண்டும். பிறகு புத்தகத்தை மூடிவிட்டுச் சொந்த நடையில் எழுத வேண்டும். எங்கிருந்து எடுத்தோம் என்பதைக் கீழே குறிக்க வேண்டும்.

வாட்ஸ்அப்பில் வரும் செய்தி

வாட்ஸ்அப்பில் வரும் பல செய்திகளில் எழுதியவர் பெயர் இல்லை, திருத்தியவரும் இல்லை. எனவே பிறருக்கு அனுப்புமுன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இதனை எழுதியவர் யார்? எப்போது எழுதப்பட்டது? வேறொரு நல்ல நூலிலும் இச்செய்தி உள்ளதா? விடை கிடைக்காவிட்டால் அனுப்பாதிருப்பதே நலம். தோழியின் படத்தையோ அவள் குடும்பச் செய்தியையோ அவள் அனுமதியின்றிப் பரப்புவது பெரும் தவறு. சமூக ஊடகங்கள் பலவற்றில் 13 வயது நிரம்பாதவர் கணக்குத் தொடங்க இடமில்லை என்பதையும் பெற்றோர் அறிந்திருத்தல் நன்று.

எல்லோருக்கும் எட்ட வேண்டும்

2020-இல் கொரோனா நோயால் பள்ளிகள் மூடப்பட்டபோது பாடங்கள் கைபேசி வழியே வந்தன. 2019-இல் தொடங்கப்பட்ட கல்வித் தொலைக்காட்சியும் உதவியது. ஆயினும் பல வீடுகளில் ஒரே கைபேசிதான் இருந்தது. தந்தை அதனை வேலைக்கு எடுத்துச் சென்றால் பிள்ளையின் பாடம் நின்றது. தம்பிக்குக் கொடுத்தபின் மீதி நேரமே அக்காளுக்கு என்றால், அவள் எப்படிப் படிப்பாள்? மேலூரிலும் உசிலம்பட்டியிலும் வாழும் மாணவிக்கும் நகரத்து மாணவிக்கும் மூளையில் வேறுபாடு இல்லை, வாய்ப்பில்தான் வேறுபாடு.

இக்குறையைப் போக்கக் கூடியது பொது நூலகமும் பள்ளி நூலகமுமே. 2023 ஜூலை 15 அன்று மதுரை புதுநத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறக்கப்பட்டது. அங்கே குழந்தைகளுக்கெனத் தனிப் பகுதி உண்டு. விடுமுறை நாளில் பெற்றோர் தம் பெண்களை அங்கு அழைத்துச் செல்லலாம். பள்ளி நூலகக் கணினியில், வீட்டில் வசதியில்லாத மாணவிக்கே முதலிடம் தரலாம். கற்றறிந்த மூத்த மாணவி இளையவளுக்குக் கற்பிக்கலாம்.

முடிவாக

கருவி புத்தகத்தை நம் கைக்குக் கொண்டுவரும். படித்து, ஆராய்ந்து, மெய் காண்பது நம் கடமை. மாணவத் தோழியரே! ஒரு நூலைப் பிழையின்றித் தந்து, அது எல்லோருக்கும் எட்டும்படி செய்வோரின் உழைப்பை நினைத்துப் பாருங்கள். அவ்வுழைப்பில் நாமும் பங்குகொள்வோமாக!