சர்க்கரை நோயும் கொழுப்புக் கல்லீரலும்: ரிப்போர்ட்டில் தெரியாத அழற்சி

டைப் 2 சர்க்கரை நோய் உள்ளவர்களில் பாதிப் பேருக்கு மேல் கல்லீரலில் கொழுப்பு படிந்திருக்கிறது. ஸ்கேனில் ‘ஃபேட்டி லிவர், கிரேடு 1’ என்று வந்ததும், எல்லாருக்கும் இருப்பதுதானே என்று மடித்து வைத்துவிடுபவர்கள் உண்டு. கல்லீரலே போய்விட்டது என்று தூக்கமின்றித் தவிப்பவர்களும் உண்டு. இரண்டுமே வேண்டாம். கிரேடு என்பது கொழுப்பு எவ்வளவு என்பதை மட்டுமே காட்டுகிறது. அந்தக் கொழுப்பால் கல்லீரல் புண்படத் தொடங்கிவிட்டதா என்பதை வேறு வழியில்தான் அறிய வேண்டும்.

இன்சுலின் சரியாக வேலை செய்யாதபோது, தொப்பையில் சேர்ந்த கொழுப்பு கரைந்து இரத்தம் வழியாகக் கல்லீரலுக்கு வந்துகொண்டே இருக்கும். மிஞ்சிய மாவுச்சத்தையும் கல்லீரல் கொழுப்பாக மாற்றுகிறது. இவற்றை எரிக்க வேண்டியவை மைட்டோகாண்ட்ரியாக்கள் (செல்லுக்குள் இருக்கும் ஆற்றல் அடுப்புகள்). அடுப்பில் விறகை அளவுக்கு மேல் திணித்தால் புகைவதுபோல, அவை செல்லைத் தாக்கும் ஆக்சிஜன் மூலக்கூறுகளை வெளியிடுகின்றன. உடல் சமாளிக்கும் அளவைத் தாண்டி இவை பெருகுவதே ஆக்சிஜனேற்ற அழுத்தம். அடிபட்ட செல்களைக் கண்டு குஃப்பர் செல்கள் (கல்லீரலின் காவல் செல்கள்) அழற்சியைத் தூண்டுகின்றன. அழற்சி நாள்பட்டால் நார் படியத் தொடங்கும். அதுதான் ஃபைப்ரோசிஸ் (கல்லீரல் தழும்பு). இதே அழற்சி இன்சுலினின் வேலையை மேலும் கெடுப்பதால் சர்க்கரையும் கட்டுக்குள் வர மறுக்கும்.

இது வெகுகாலம் வெளியே தெரியாது. சிலருக்குச் சோர்வு, வலது விலாவுக்குக் கீழே ஒரு கனம், அவ்வளவுதான். கண் மஞ்சளாவது, வயிறு நீர் கோத்து உப்புவது, கருநிற மலம் ஆகியவை முற்றிய நிலையின் அறிகுறிகள். அவற்றைக் கண்டால் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

எனவே ஃபிப்-4 என்ற கணக்கைப் போட்டுத் தரும்படி மருத்துவரிடம் கேளுங்கள். வயது, ஏஎஸ்டி, ஏஎல்டி (இரண்டும் கல்லீரல் நொதிகள்), தட்டணுக்கள் ஆகிய நான்கும் போதும். 55 வயதுக்காரர் ஒருவருக்கு ஏஎஸ்டி 40, ஏஎல்டி 36, தட்டணு 1.6 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். ரிப்போர்ட்டில் எல்லாமே இயல்பு. ஆனால் ஃபிப்-4 மதிப்போ 2.29. 1.3க்குக் கீழே இருந்தால் பெரும்பாலும் கவலையில்லை. ஓரிரு ஆண்டுகளில் மறுபடி பார்க்கலாம். 65 வயதைத் தாண்டியவர்களுக்கு இந்த எல்லை 2. அவரவர் எல்லைக்கு மேல் போனால் ஃபைப்ரோஸ்கேன் (கல்லீரலின் விறைப்பை அளக்கும் சோதனை) தேவை. மதிப்பு கூடினாலே தழும்பு என்று முடிவு கட்டிவிட வேண்டாம்; அடுத்த சோதனைக்கான அழைப்பு அது.

சுமையைக் குறைப்பதே முதல் மருந்து. எடையில் 5 சதவீதம் குறைந்தால் கொழுப்பு இறங்கும். 7 முதல் 10 சதவீதம் குறைந்தால் அழற்சியும் தணிய வாய்ப்புண்டு. 80 கிலோ உள்ளவருக்கு இது சுமார் 6 முதல் 8 கிலோ. மாதக் கணக்கில் நிதானமாகக் குறையுங்கள். பட்டினி கிடந்து வேகமாகக் குறைத்தால் பித்தக்கல் வரலாம். காலை இட்லி, மதியம் சோறு, இரவு தோசை என்று மூன்று வேளையும் அரிசியே நிறைந்த தட்டில் ஒரு பாதியைக் காய்க்கும், கால் பங்கைச் சுண்டல், முட்டை அல்லது மீனுக்கும் கொடுங்கள். பழச்சாறு வேண்டாம், பழமாகவே சாப்பிடுங்கள். மது அறவே வேண்டாம். வாரம் 150 நிமிடம் வேகநடை. கிளிமிபிரைடு அல்லது இன்சுலின் எடுப்பவர்கள் உணவைக் குறைக்கும் முன் மருத்துவரிடம் சொல்லி மருந்தளவை மாற்றிக்கொள்ளுங்கள். இல்லையேல் தாழ்சர்க்கரை வந்துவிடும்.

மெட்ஃபார்மின் சர்க்கரையைக் குறைக்கும். கல்லீரல் அழற்சியை ஆற்றும் என்று எதிர்பார்க்க வேண்டாம். பியோகிளிட்டசோன், செமாகுளுடைடு போன்றவை யாருக்குப் பொருந்தும் என்பதை மருத்துவர் முடிவு செய்வார். கொழுப்புக் கல்லீரல் என்று தெரிந்ததும் ஸ்டாட்டின் (கொலஸ்ட்ராலைக் குறைக்கும் மருந்து) மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

‘ஆன்டிஆக்சிடன்ட்’ என்று விற்பதை வாங்கி விழுங்கினால் ஆக்சிஜனேற்ற அழுத்தம் தீர்ந்துவிடும் என்ற எண்ணம் எனக்கு மிகுந்த கவலை தருகிறது. வைட்டமின் ஈ பலன் தந்ததாக 2010இல் வெளியான முக்கிய ஆய்வில் சர்க்கரை நோயாளிகளே சேர்க்கப்படவில்லை. சமையல் மஞ்சளில் பயமில்லை. ஆனால் மிளகுச் சத்து சேர்த்த மஞ்சள் காப்ஸ்யூல்களால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்கள் உண்டு. கொரோனா காலத்தில் சீந்தில் சாப்பிட்டுக் கல்லீரல் அழற்சியோடு வந்தவர்களைப் பற்றி மும்பை மருத்துவர்கள் 2021இல் எழுதினார்கள். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது சூரணம், கஷாயம், பவுடர் என எல்லாவற்றையும் பாட்டிலோடு எடுத்துச் செல்லுங்கள். திட்டுவாரோ என்று மறைக்க வேண்டாம்.