ஊர்ப்பெயரில்லா விலாசம்

சேத்தியாத்தோப்பிலிருந்து ஒருவர் சிதம்பரத்து நண்பருக்குக் கடிதம் விடுக்கின்றார் என்று கொள்வோம். உறையின்மேல் 'கீழ வீதி' என்று மட்டும் வரைந்து ஊர்ப்பெயரை விட்டுவிடுகின்றார். சிதம்பரத்தினுள் நின்று கூறுவார்க்கு அது போதிய விலாசமே. வெளியே நின்று நோக்குவார்க்கோ எவ்வூர்க் கீழ வீதி என்பது விளங்காது. பைத்தான் என்னும் கணினிமொழியில் நேர்ந்த ஒரு மாற்றத்தை இவ்வுவமை கொண்டு ஆராய்வாம்.

கணினியில் ஒவ்வொரு கோப்பிற்கும் ஒரு பாதை உண்டு. விண்டோஸ் முறையில் 'சி:\பாடம்\கட்டுரை' என்பது நிறைபாதை. '\பாடம்\கட்டுரை' என்பதிலோ டிரைவின் பெயர் இல்லை. அஃது அவ்வமயம் நடப்பிலுள்ள டிரைவைச் சார்ந்தே பொருள்படும். ஆயினும், பாதை நிறைவுடையதா என்று சோதிக்கும் 'இஸ்ஆப்ஸ்' என்னும் செயற்கூறு இதனையும் "ஆம்" என்றே நெடுங்காலம் ஏற்றுவந்தது. 2014-இல் 3.4-ஆம் பதிப்போடு வந்த 'பாத்லிப்' என்னும் தொகுதியோ "அன்று" என விடை பகர்ந்தது. 2024 அக்டோபரில் வெளிவந்த 3.13-ஆம் பதிப்பு இம்முரணை நீக்கி, முன்னதும் "அன்று" என்றே கூறுமாறு திருத்திற்று.

திருத்தம் நேரியதே, எனினும் அதனால் விளையும் இடரும் உண்டு. மாணவர் அனுப்பும் கோப்புகளை ஒரே கோப்புறையிற் சேர்க்கும் நிரல் ஒன்றைக் கருதுக. தரப்பட்ட பெயர் நிறைபாதையாயின் மறுக்க, அன்றேல் கோப்புறையின் பாதையோடு இணைக்க என்பது அதன் விதி. பழைய பதிப்பில் '\பாடம்\கட்டுரை' வாயிலிலேயே தடுக்கப்பட்டது. புதிய பதிப்பிலோ காவலன் அதனை உள்ளே விடுகின்றான். இணைக்கும் செயற்கூறாகிய 'ஜாயின்', முதலிற் சாய்கோட்டைக் கண்டவுடன் கோப்புறையைக் கைவிட்டு, டிரைவின் பெயரை மட்டும் முன்சேர்க்கும். கோப்பு எல்லைக்கு வெளியே சென்று, ஆங்குள்ள பிறிதொன்றை அழித்தெழுதவும் கூடும். நிரலில் ஓரெழுத்தும் மாறவில்லை. பிழையென்றோர் அறிவிப்பும் எழவில்லை.

தமிழ் பயில்வார்க்கு இது புதுமையன்று. 'நாற்றம்' பண்டு நறுமணத்தையும் குறித்தது. இற்றை வழக்கில் தீய மணத்தையே குறிக்கின்றது. காலமறியாது செய்யுளைப் படிப்பவன் மலரைப் பழித்துவிடுவான். பதிப்பறியாது நிரலை இயக்குபவனும் அவ்வாறே வழுவுவான்.

ஆதலால், புதிய பதிப்பிற்கு மாறுமுன் அதன் மாற்றக் குறிப்புகளைப் படித்தல் வேண்டும். அன்றியும், நிறைபாதையா என்று வினவுவதோடு அமையாது, இணைத்த பாதையை முழுமையாக்கி, அது குறித்த கோப்புறைக்குள் அடங்குகின்றதா என்றும் சோதித்தல் வேண்டும். வருவோன் பெயரைக் கேட்பது மட்டுமன்று, அவன் சென்றுசேரும் இடத்தைக் காண்பதும் காவலன் கடமையாம்.