“பெண் வைத்தியர் இருந்தால் வருகிறேன்”



மனச்சோர்வினால் வாடும் ஒரு பெண்ணைச் சிகிச்சைக்கு அழைக்கும்போது அவள், “பெண் வைத்தியர் இருந்தால் வருகிறேன்” என்று சொல்லிவிட்டால் வீட்டில் என்ன நடக்கிறது? “வைத்தியரில் ஆணென்ன, பெண்ணென்ன?” என்று கணவர் சினக்கிறார். “இதெல்லாம் சாட்டு” என்கிறார் அண்ணர். பயணமும் அத்தோடு நின்றுவிடுகிறது. அவள் சொன்னது சாட்டுத்தானா என்பதை இன்று சற்று ஆராய்வோம்.

பழுகாமத்தை எடுத்துக்கொள்வோம். படுவான்கரையில், வாவியை அண்டிய பழைய ஊர். எழுவான்கரையிலுள்ள களுவாஞ்சிக்குடி வைத்தியசாலைக்குப் போவதானால் பட்டிருப்புப் பாலத்தைக் கடக்கவேண்டும். மட்டக்களப்பு நாட்டு வழக்கப்படி மணமுடித்த ஆண்தான் பெண் வீட்டுக்குப் போகிறான். வீடும் வளவும் பெண்ணுக்கே சீதனமாகின்றன. தாயும், தமக்கையும், சின்னம்மாவும் ஒரு வேலிக்குள், அல்லது அடுத்த வேலிக்குள் இருப்பார்கள். ஆகவே, சிறு வயது முதல் அவளுடைய மனக்குறையைக் கேட்டுவந்த காது பெரும்பாலும் இன்னொரு பெண்ணின் காதுதான். முன்பின் அறியாத ஓர் ஆணின் முன்னால் மேசைக்கு இப்பால் உட்கார்ந்து, “என்ன பிரச்சினை?” என்ற கேள்விக்கு உடனே பதில் சொல் என்றால் அவளுக்கு நா எழுமா?

இதில் இன்னொரு முடிச்சும் உண்டு. சில விடயங்களை அந்த வேலிக்குள் சொல்லவே முடியாது. மருமகன் கைநீட்டுகிறான் என்று தாயிடம் சொன்னால் மாலைக்குள் அது இரு குடிகளுக்கிடையே வழக்காகிவிடும். எனவே அவள் தேடுவது தாயைப்போலக் கேட்கக்கூடிய, ஆனால் உறவினள் அல்லாத ஒருத்தியை. படித்துப் பயிற்சி பெற்ற பெண் உளவளத்துணையாளர் அந்த இடத்துக்குப் பொருந்துகிறார்.

சொல்லவேண்டிய காரியம் எது என்பதையும் பாருங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கின்படி, குழந்தை பெற்ற தாய்மாரில் நூற்றுக்கு 13 பேர் அளவில் மனநலக் குறைபாட்டுக்கு, முக்கியமாக மனச்சோர்வுக்கு, உள்ளாகிறார்கள். வளர்முக நாடுகளில் அது 20ஐ நெருங்குகிறது. “பிள்ளையைத் தூக்க மனமில்லை” என்று ஒரு தாய் யாரிடம் சொல்வாள்? கருச்சிதைவு, மாதவிலக்குக் கோளாறு, படுக்கையறைத் துன்பம் எல்லாம் இந்த வரிசைதான். துன்பம் செய்தவன் ஆணாக இருந்தால், சீருடை அணிந்தவனோ வீட்டுக்குள்ளேயே இருப்பவனோ, எதிரே ஆண் குரல் கேட்டாலே உடம்பு நடுங்கும். அது பிடிவாதமல்ல, காயத்தின் தன்மையே அது.

எமது பகுதியில் இக்காயம் சிறிதல்ல. 2010ஆம் ஆண்டில் அரச தரப்பே கிழக்கில் போரினால் விதவையானோர் 49,000 பேர் என்று கூறியது. போர் உக்கிரமாயிருந்த 1990களில், காணாமற்போன பிள்ளைகளைத் தேடிய தாய்மார் அம்மன் கோயில்களில் வாக்குச் சொல்வோரிடம் போய் அழுததை மானிடவியலாளரான பற்றீசியா லோறன்ஸ் ஆராய்ந்து எழுதினார். வாக்குச் சொன்னோரில் பலர் பெண்கள். வாக்குப் பலித்ததா என்பது வேறு விடயம். கத்தோலிக்கர் அதில் நம்பிக்கை வைப்பதில்லை. ஆனால் வாய்திறந்து அழ ஓரிடமும், கேட்க ஒரு பெண்ணும் அத்தாய்மாருக்கு அங்கே கிடைத்தது உண்மை.

உடல் நோயிலும் இதே கதை நடந்திருக்கிறது. அக்னஸ் மக்லாறன் என்ற ஸ்கொத்லாந்துப் பெண் வைத்தியர், அன்றைய இந்தியாவின் ராவல்பிண்டியில், ஆண் வைத்தியர் பார்க்கக் கூடாதென்ற வழக்கத்தால் பெண்கள் சிகிச்சையின்றி மடிவதைக் கண்டார். 1909இல் அங்கே பெண்களுக்கென ஒரு வைத்தியசாலை எழ உழைத்தார். துறவியர் வைத்தியத் தொழில் செய்யத் திருச்சபைச் சட்டம் அன்று இடந்தரவில்லை. அதை மாற்றும்படி உரோமையிடம் பலமுறை மன்றாடினார். அவர் காட்டிய வழியில் அங்கு சென்று பணியாற்றிய ஒஸ்திரிய வைத்தியர் அன்னா டெங்கல் 1925இல் மருத்துவ மறைபரப்புச் சகோதரிகள் சபையைத் தொடங்கினார். 1936இல்தான் உரோமை அனுமதி கொடுத்தது. “பெண்களின் பழைய எண்ணத்தை மாற்றுவோம்” என்று அவர்கள் காத்திருக்கவில்லை, பெண்களை வைத்தியர்களாக்கினார்கள்.

நாம் குருக்கள் இங்கே ஒரு வார்த்தை சொல்லவேண்டும், நாமும் ஆண்கள்தாமே. 1917ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பு, நோய் முதலிய காரணமின்றிப் பெண்களின் பாவசங்கீர்த்தனத்தைப் பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு வெளியே கேட்கலாகாது என்றது. 1983ஆம் ஆண்டுத் தொகுப்பும், விரும்புவோர் பயன்படுத்தத் தட்டியிட்ட தொட்டி திறந்த இடத்தில் இருக்கவேண்டும் என்கிறது. முகம் காட்டாமல் பேச விரும்புவோரின் கூச்சத்தைத் திருச்சபை மதித்திருக்கிறது. மனநலச் சிகிச்சையில் தட்டி இல்லை. ஆகவே “சாமியாரிடம் சொல்லு, போதும்” என்று பெண்களை எம்மிடம் அனுப்பிவிட்டுக் கடமை முடிந்ததென்று இருக்காதீர்கள். பாவமன்னிப்பு வேறு, மனநோய்க்கான சிகிச்சை வேறு.

ஆண் வைத்தியர் கெட்டிக்காரர் இல்லையா? இருக்கிறார்கள். ஆணா பெண்ணா என்பதை மட்டும் வைத்துச் சுகம் கிடைக்கும் என்று ஆய்வுகள் கூறவில்லை; நம்பிக்கையான உறவே முக்கியம் என்கின்றன. ஆனால் நோயாளியின் விருப்பத்தை மதித்தால் அவர் சிகிச்சையை இடையில் கைவிடுவது குறைகிறது என்பதும் தெரிந்ததே. ஊர்ப் பெண்ணிடம் சொன்னால் கதை பரவும் என்று அஞ்சி, தூரத்து ஆண் வைத்தியரையே விரும்பும் பெண்களும் உளர். அவர்களையும் தடுக்கவேண்டாம்.

வைத்தியசாலையில், “பெண் வைத்தியர் அல்லது பெண் உளவளத்துணையாளர் இருக்கிறாரா?” என்று கேட்பதில் வெட்கமில்லை. இல்லையென்றால் பெண் தாதி ஒருவர் கூட இருக்கும்படி கேட்கலாம். வைத்தியருக்குத் தமிழ் தெரியாவிட்டால் மொழிபெயர்ப்பவரும் பெண்ணாக இருக்கட்டும். இதைப் பலர் யோசிப்பதே இல்லை. கணவர்மாரே, கூடப் போங்கள். அவளிடம் கேட்ட கேள்விக்கு நீங்கள் பதில் சொல்லாமல், வெளி வாங்கில் இருங்கள். பிள்ளைப் பெற்ற வீடுகளுக்கு வரும் குடும்பநல மாதுவிடம் முதலில் வாய்திறப்பதும் நல்ல வழி. உயிரை மாய்க்கும் எண்ணத்தை அவள் வெளியிட்டால் மட்டும் பெண் வைத்தியருக்காகக் காத்திருக்க வேண்டாம். கிட்டிய வைத்தியசாலைக்கு அன்றே கொண்டுசெல்லுங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற தொலைபேசி எண்ணிலும் உதவி கேட்கலாம்.