மனமொடிந்த புலவரும் பரங்கிப்பேட்டை ஆலிமும்



நம் வியாபாரச் சகோதரர்களுக்குள் எழுதுகிறவர்கள் அதிகமில்லை. கல்லாவில் உட்கார்ந்தபடியே நோட்டில் நாலு வரி எழுதி மீலாது மலருக்குக் கொடுக்கிறவர் ஊருக்கு ஒருவரோ இருவரோதான். அப்படிப்பட்டவர் ஒருவர் மனமொடிந்து பேனாவை மூடிவிட்டால், பக்கத்தில் இருக்கும் நாம் என்ன செய்ய வேண்டும்? இம்மாதப் பாடமாக இதையே எடுத்துக்கொள்கிறேன்.

"பேஷாக எழுதுகிறீர், விடாதீர்" என்று முதுகில் தட்டிவிட்டுப் போவது நம் வழக்கம். அதனால் அவருக்கு ஒரு வரிகூட வருவதில்லை. ஏன் என்பதற்கு உமறுப் புலவர் சரித்திரத்தைப் பாருங்கள்.

உமறு எட்டையபுரத்துச் சமஸ்தானப் புலவர். கடிகை முத்துப் புலவரிடம் தமிழ் கற்றவர். வாசனைத் திரவிய வியாபாரியின் மகன் என்பார்கள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்க்கையைத் தமிழில் காவியமாகப் பாடும்படி கீழக்கரை வள்ளல் சீதக்காதி அவரைக் கேட்டுக்கொண்டார். புலமைக்குக் குறைவில்லை. ஆனால் வரலாறு முழுவதும் அரபுக் கிதாபுகளில் இருந்தது. அதை எடுத்துச் சொல்லும்படி ஆலிம் பெருந்தகை சதக்கத்துல்லாஹ் அப்பா அவர்களிடம் போனார். உமறுவின் உடையையும் தோற்றத்தையும் பார்த்து, இவரா நாயகத்தின் சரிதையைப் பாடுவது என்று அப்பா மறுத்துவிட்டார்கள் என்பது வழிவழியாக வரும் செய்தி.

பெரிய சமஸ்தானத்துப் புலவருக்கு இது எப்படி இருந்திருக்கும்! பள்ளிவாசலில் போய்க் கிடந்து அழுதார் என்கிறார்கள். அந்தத் துக்கத்திலேயே நாயகத்தின் மீது 'முதுமொழிமாலை' என்று 80 பாக்கள் பாடினார் என்றும் சொல்வதுண்டு. இந்த இடத்தைக் கவனியுங்கள். காவியம் கைக்கு வராதபோது அவர் சும்மா இருந்துவிடவில்லை, சிறியதொன்றைப் பாடினார். அதன் பிறகே நாயகம் (ஸல்) அவர்கள் கனவில் தோன்றினார்கள் என்றும், மறுபடியும் அப்பாவிடம் போனபோது அவர்கள் உமறுவை அன்போடு ஏற்றார்கள் என்றும் அச்செய்தி முடிகிறது.

அப்பா அவர்கள் அப்போது செய்ததுதான் நமக்குப் பாடம். உமறுவைப் புகழ்ந்து அனுப்பிவிடவில்லை. பரங்கிப்பேட்டையில் மாமு நெய்னா லெப்பை ஆலிமிடம் போகச் சொன்னார்கள். அந்த ஆலிம் அரபு வரலாற்றைத் தமிழில் சொல்லச் சொல்ல, உமறு பாடினார். இடையில் சீதக்காதி மௌத்தாகிவிட, பரங்கிப்பேட்டை வணிகர் அபுல் காசிம் மரைக்காயர் புலவரை ஆதரித்தார். காவியத்தில் பல இடங்களில் அவர் பெயரை உமறு நன்றியோடு பாடியிருக்கிறார். "செத்தும் கொடுத்தான்" என்று சீதக்காதியை எல்லோரும் அறிவோம். அபுல் காசிமை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அவரும் நம்மைப்போல் வியாபாரிதான்.

வியாபாரிகளுக்கு விளங்கும்படி சொன்னால், புலவரிடம் தராசு இருந்தது, சரக்கு இல்லை. காலி அலமாரிக்கு முன் நிற்கிறவனிடம் "உன் கை ராசியான கை" என்றால் அவனுக்கு எரிச்சல்தான் வரும்.

இதற்கு நாயகம் (ஸல்) அவர்களின் நடைமுறையிலேயே முன்மாதிரி இருக்கிறது. குறைஷிகளின் வசைக்குக் கவிதையில் பதில் சொல்ல ஹஸ்ஸான் இப்னு ஸாபித் (ரலி) அவர்கள் முன்வந்தபோது, அவசரப்பட வேண்டாம், குறைஷிகளின் வம்சத்தை நன்கறிந்த அபூபக்கரிடம் முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளும் என்ற கருத்தில் நாயகம் அவர்கள் சொன்னதாக முஸ்லிம் கிரந்தத்தில் ஹதீஸ் உண்டு. பள்ளிவாசலில் அவர் நின்று பாட ஒரு மிம்பரும் வைக்கச் செய்தார்கள் என்று திர்மிதியில் வருகிறது. விஷயமும் கொடுத்தார்கள், இடமும் கொடுத்தார்கள்.

இங்கே டெங்கிலில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கும் என் நண்பர் ஒருவர், தம் தகப்பனார் நாகப்பட்டினத்தில் கப்பலேறி இந்நாட்டுக்கு வந்த கதையை எழுதத் தொடங்கினார். ஆறு மாதம் ஒரே பக்கத்தைக் கிழித்துக் கிழித்து எழுதினார். "நானா, எனக்கு இனி வராது, என்னை விட்டுவிடுங்கள்" என்றார். எந்த இடத்தில் நிற்கிறது என்று கேட்டேன். கப்பலில் என்ன சாப்பிட்டார்கள், எங்கே படுத்தார்கள் என்பது தெரியவில்லை என்றார். தகப்பனாரும் இப்போது இல்லை. கிள்ளானில் ரஜூலாக் கப்பலில் வந்த பெரியவர் ஒருவர் இருக்கிறார், எண்பது வயதைத் தாண்டியவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரிடம் அழைத்துப் போனேன். பெரியவர் அஸரிலிருந்து மஃரிப் வரை பேசினார். நண்பர் அதற்குப் பிறகு மூன்று பக்கம் எழுதியிருக்கிறார். நான்காவது பக்கத்தில் மறுபடியும் நிற்கிறார். அதற்கும் ஆள் தேட வேண்டும்.

ஒன்றைப் பிரித்தறிய வேண்டும். எழுத்து வராத வருத்தம் வேறு. இரண்டு வாரத்துக்கு மேலாகத் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, பிள்ளைகளோடும் பேச்சில்லை, உயிரோடிருந்து என்ன பயன் என்கிறார் என்றால் அது வியாதி. அரசாங்கக் கிளினிக்குக்குத் தாமதமின்றிக் கூட்டிப் போங்கள். "ஈமான் குறைவு" என்று பேசி நோயாளியை மேலும் நோகடிக்காதீர்கள். கிளினிக் வாசலில் கூட உட்கார்ந்திருக்க ஓர் ஆள் வேண்டும். கடையை அரைநாள் பையனிடம் விட்டுவிட்டுப் போனால் ஒன்றும் முழுகிவிடாது.

முடிக்க முடியவில்லையே என்று புழுங்குகிற நண்பர்களுக்கு இன்னொன்றும் சொல்லலாம். சீறாப்புராணம் மூன்று காண்டம், 92 படலம், 5027 பாட்டு. இவ்வளவும் பாடியும் நாயகத்தின் சரிதை அதில் முடியவில்லை. ஹிஜ்ரி ஆறாம் ஆண்டளவில் நின்றுவிடுகிறது. மீதியைப் பனீ அகமது மரைக்காயர் 'சின்ன சீறா' என்று பாடினார். உமறுவின் ஏட்டுச்சுவடிகளைத் தேடிச் சேர்த்து, காயல்பட்டினம் செய்கு அப்துல் காதிர் நயினார் லெப்பை ஆலிம் 1842இல் அச்சில் ஏற்றினார்.