பலகைக் கதவுக்குப் பெயின்ட் அடிக்குமுன்

தீபாவளி அட்வான்ஸில் பெயின்ட் வாங்கிப் புதுக் கதவுக்கு அடிக்கிறோம். தைப்பொங்கலுக்குள் அது பொருக்குப் பொருக்காக உரிந்து விடுகிறது. உடனே கடைக்காரரை ஏசுவோம். பெரும்பாலும் குற்றம் பெயின்டில் இல்லை. ஈரப் பலகையில், பிரைமர் பூசாமல் அடித்ததுதான் காரணம்.

வெறும் பலகை பெயின்டிலுள்ள எண்ணெயை உறிஞ்சிவிடும். பிரைமர் அதைத் தடுத்து, பெயின்ட் பிடிக்க இடம் கொடுக்கும். காசு மட்டாக இருந்தால் பெயின்டில் ஒரு பூச்சைக் குறையுங்கள், பிரைமரை விடாதீர்கள்.

பலகையை மழை படாமல், காற்றோட்டமான இஸ்தோப்பில் சாத்திக் காய வையுங்கள். அடுப்புச் சூட்டில் வைத்தால் வெடித்துப்போகும். பிறகு 120 நம்பர் சாண்ட் பேப்பரால் மர ரேகை ஓடும் பக்கமாகத் தேய்த்து, தூசியைத் துடைத்து, பிரைமரை மெல்லிசாகப் பூசுங்கள். கதவின் அடி விளிம்பை எல்லோரும் மறந்து விடுவோம். மழைத் தண்ணீரை அதிகம் குடிப்பதே அந்த வெட்டு முனைதான். கதவை மாட்டியபின் அங்கே பிரஷ் போகாது. மாட்டுமுன்பே இரண்டு தரம் பூசிவிடுங்கள். நம்ம குளிருக்கு ஒவ்வொரு பூச்சும் ஒரு முழு நாள் காயட்டும்.

பழைய கதவென்றால் கவனம். 2013இல் சட்ட வரம்பு வருமுன் விற்ற பெயின்டில் ஈயம் அதிகம் இருக்கலாம். அந்தத் தூசி பிள்ளைகளின் மூளையைப் பாதிக்கும். பிள்ளைகளையும் கர்ப்பிணித் தாய்மாரையும் தூரமாக இருக்கச் சொல்லி, தண்ணீர் தெளித்துச் சுரண்டுங்கள். செதில்களை ஈரத் துணியால் ஒற்றி எடுத்துக் கட்டிப் போடுங்கள். பெயின்ட் அடித்த பழைய பலகையை அடுப்பில் எரிக்கவே வேண்டாம்.